பேரன் கேட்ட சூப்பர்சார்ஜரும் நான் கேட்காமல் விட்ட கேள்வியும்



இரண்டு மாதமாக டீச்சர் ஒன்றும் எழுதவில்லையே, உடம்பு சரியில்லையா என்று பலர் கேட்டிருந்தீர்கள். நலமாக இருக்கிறேன். மூட்டு வலியைத் தவிர வேறு குறை இல்லை. இந்த இரண்டு மாதமும் நான் மாணவியாக இருந்தேன். படித்த பாடம் கார் இன்ஜின். சிரிக்காதீர்கள். பதிவு நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

எங்கள் வீட்டு மாருதி எஸ்டீம் காரை உங்களில் பலருக்குத் தெரியும். 2001-ல் சார் வாங்கியது. பொதுத்தேர்வு நாட்களில் பஸ் வராவிட்டால் ஐந்து பிள்ளைகளை அதில் அடைத்துக்கொண்டு தேர்வு மையத்துக்குப் போவார். அப்படிப் போனவர்கள் இதைப் படித்துக்கொண்டிருப்பீர்கள். சார் 2019-ல் போய்விட்டார். கார் மட்டும் வாசலில் நிற்கிறது. இப்போது அதை ஓட்டுவது மகள் வயிற்றுப் பேரன். கோவையில் மெக்கானிக்கல் கடைசி வருடம் படிக்கிறான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். காலைப் பிடித்து விட்டான். அப்போதே தெரிந்துவிட்டது, ஏதோ கேட்கப்போகிறான் என்று.

“அம்மாயி, அப்புச்சி வண்டிக்கு ஒரு சூப்பர்சார்ஜர் போடலாம்னு இருக்கேன். எல்லாம் சேர்ந்து ஒன்றரை லட்சம் ஆகும். உங்க எஃப்.டி.யில இருந்து குடுத்தீங்கன்னா வேலைக்குப் போனதும் திருப்பிக் குடுத்தர்றேன்.”

பணம் இருந்தது. ஆனால் புரியாத ஒன்றுக்குச் சரி என்று சொல்லவும் மனம் வரவில்லை, வேண்டாம் என்று சொல்லவும் வரவில்லை. “எனக்குப் புரியற மாதிரி சொல்லு, அப்புறம் பாக்கலாம்” என்றேன்.

நன்றாகவே சொன்னான். இன்ஜின் என்பது காற்றையும் பெட்ரோலையும் கலந்து எரிக்கும் இயந்திரம். பிஸ்டன் கீழே இறங்கும்போது வெளிக்காற்று உள்ளே வருகிறது. உறிஞ்சி எடுப்பதாக நாம் சொன்னாலும், காற்றை உள்ளே தள்ளுவது வளிமண்டல அழுத்தம்தான். கடல் மட்டத்தில் அது சதுர அங்குலத்துக்கு 14.7 பவுண்டு. அதற்கு மேல் காற்று வேண்டுமென்றால் நாமே பம்ப் வைத்துத் தள்ள வேண்டும். அந்தப் பம்ப்தான் சூப்பர்சார்ஜர். இன்ஜின் சுழலும்போது பெல்ட் வழியாக அதுவும் சுழலும். டர்போ என்பதும் இதே வேலையைச் செய்வதுதான். ஆனால் அதைச் சுழற்றுவது பெல்ட் இல்லை, வெளியே போகும் புகையின் வேகம்.

இந்தப் பம்ப் கார்களுக்காகப் பிறந்ததும் இல்லை. அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் கானர்ஸ்வில் என்ற ஊரைச் சேர்ந்த ரூட்ஸ் சகோதரர்கள் 1860-ல் இதற்குக் காப்புரிமை பெற்றார்கள். உலைகளுக்குக் காற்று ஊதத்தான் முதலில் பயன்பட்டது. நம் ஊர்க் கொல்லன் பட்டறைத் துருத்திக்குப் பெரிய அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பேரன் பார்த்து வைத்திருந்தது மினி கூப்பர் எஸ் என்ற காரிலிருந்து கழற்றிய ஈட்டன் எம்45 என்ற பழைய பம்ப். அவன் போட்ட கணக்கு இது: எஸ்டீம் இன்ஜினின் திறன் 85 குதிரைத்திறன். 14.7-க்கு மேல் இன்னும் 7 பவுண்டு அழுத்தம் கொடுத்தால் காற்று ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. 85-ஐ ஒன்றரையால் பெருக்கினால் 127. கணக்கில் தவறில்லை. மதிப்பெண் போட்டிருப்பேன்.

ஆனால் பணம் கொடுப்பதற்கு முன் இன்னொருவரிடமும் கேட்க நினைத்தேன். என்னிடம் எட்டாம் வகுப்பு படித்த ஒருவன் பக்கத்து ஊரில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறான். முப்பது வருடமாக இதே தொழில். பெயர் எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டான். மற்றதை எழுத அனுமதி வாங்கிவிட்டேன்.

நானும் பேரனும் போனோம். இன்ஜினுக்குள் இருந்து தலையை எடுத்துப் பார்த்தவன், கையைத் துடைத்துக்கொண்டே ஓடி வந்தான். “வாங்க டீச்சர், சாப்ட்டீங்களா?” என்பதுதான் முதல் வார்த்தை. நாற்காலி போட்டான். விஷயத்தைச் சொன்னோம். பேரனின் நோட்டை வாங்கிக் கடைசி வரை பார்த்தான். கேலி செய்யவில்லை. அது எனக்குப் பிடித்தது.

“தம்பி, காத்தை உள்ள தள்றது சுலபம்ங்க. அதை வாங்கிக்கற இன்ஜின் என்ன ஆகுதுன்னு இதுல எழுதலையே?” என்று கேட்டான்.

அதற்குப் பிறகு அவன் எடுத்தது பாடம். நான் பெற்றது ஆசிரியர் பயிற்சிப் பட்டயம். வகுப்பு எடுப்பது எப்படி என்று இரண்டு வருடம் படித்தேன். அவன் ஒரு வருடமும் படிக்கவில்லை, என்னைவிட நன்றாக எடுத்தான்.

முதல் பாடம் சூடு. சைக்கிளுக்குக் காற்று அடிக்கும்போது பம்ப்பின் அடிப்பகுதி கையைச் சுடும் அல்லவா? அழுத்தினால் காற்று சூடாகும். சூடான காற்று விரியும். அதனால் ஒன்றரை மடங்கு அழுத்தம் கொடுத்தாலும் ஒன்றரை மடங்கு காற்று கிடைக்காது. பம்ப்பைச் சுழற்றவும் இன்ஜினின் சக்தியிலேயே ஒரு பங்கு போய்விடும். அதனால் 127 என்பது நோட்டில் மட்டும்தான்.

இரண்டாவது பாடம் அழுத்த விகிதம். பிஸ்டன் கீழே இருக்கும்போது சிலிண்டரில் உள்ள இடத்தையும், மேலே வந்தபின் மிஞ்சும் இடத்தையும் ஒப்பிட்டால் இந்த வகை இன்ஜினில் சுமார் ஒன்பதுக்கு ஒன்று. வெளிக்காற்று தானாக வரும் என்று நினைத்து வைத்த விகிதம் அது. ஏற்கெனவே அழுத்திய காற்றை உள்ளே அனுப்பி, மறுபடியும் ஒன்பது மடங்கு அழுத்தினால்? மெக்கானிக்குகள் ஒரு கைக்கணக்கு வைத்திருக்கிறார்கள். 14.7-உம் 7-உம் கூட்டி, 14.7-ஆல் வகுத்து, ஒன்பதால் பெருக்க வேண்டும். நானே பேப்பரில் போட்டேன். பதின்மூன்றுக்கு மேல் வந்தது. நாம் போடுவது சாதாரண பெட்ரோல். அந்த அழுத்தத்தையும் சூட்டையும் அது தாங்காது. பிளக் கொளுத்துவதற்காகக் காத்திருக்காமல், மூலையில் இருக்கும் கலவை தானாக வெடிக்கும். ஏற்றத்தில் சில வண்டிகளில் ‘டிங் டிங்’ என்று சத்தம் வருமே, அது இதுதான். சுத்தியலால் பிஸ்டன் தலையில் அடிப்பது போல என்றான்.

“அப்ப மினி கூப்பர்ல மட்டும் எப்படி ஓடுது?” என்று பேரன் கேட்டான். நல்ல கேள்வி.

அவனே போனில் தேடிப் பார்த்தான். அந்தக் கம்பெனி அதே 1.6 லிட்டர் இன்ஜினை அப்போது இரண்டு விதமாகச் செய்திருக்கிறது. பம்ப் இல்லாத மினி கூப்பரில் அழுத்த விகிதம் பத்துக்கு மேல். பம்ப் வைத்த கூப்பர் எஸ் காரில் 8.3. அதாவது, மேலே பம்ப்பை வைப்பதற்கு முன் உள்ளே இடம் விட்டிருக்கிறார்கள். அழுத்திய காற்றைக் குளிர வைக்க இன்டர்கூலர் என்று ஒன்றை வைத்து, அதற்குக் காற்று போக பானெட்டிலேயே ஒரு வாய் திறந்திருக்கிறார்கள். பம்ப்பை நாம் கழற்றி வாங்கிவிடலாம். அந்த ஏற்பாடு முழுவதையும் கழற்றி வாங்க முடியாது.

மூன்றாவது பாடத்துக்கு அவன் அலமாரியிலிருந்து ஒரு பொருளை எடுத்து என் கையில் வைத்தான். ஒரு பிஸ்டன். தலையில் கட்டைவிரல் நுழையும் அளவுக்கு ஓட்டை. ஓரம் மெழுகு உருகி வழிந்தது போல இருந்தது. யாரோ ஒரு பையன் வேறொரு காருக்கு டர்போ வைத்து ஓட்டி, இழுத்துக்கொண்டு வந்த வண்டியாம்.

“இது எதனால டீச்சர் தெரியுங்களா? காத்து ஜாஸ்தியா போச்சு. பெட்ரோல் அதுக்குத் தக்கன போகல.”

ஒரு கிலோ பெட்ரோல் சரியாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். மேலே அழுத்தத்துக்குச் சொன்ன அதே எண் இங்கும் வருவது தற்செயல், குழப்பிக்கொள்ளாதீர்கள். காற்றை அழுத்தி அனுப்பும்போது பெட்ரோல் இன்னும் தாராளமாகப் போக வேண்டும். கூடுதல் பெட்ரோல் ஆவியாகும்போது உள்ளே சூட்டையும் தணிக்கும். ஆனால் பம்ப் இல்லாத காரின் கம்ப்யூட்டர் வளிமண்டல அழுத்தம் வரைக்கும்தான் கணக்குப் படித்திருக்கிறது. அதற்கு மேல் காற்று வருகிறது என்பது அதற்குத் தெரியாது. பழைய அளவிலேயே பெட்ரோலை விடும். சூடு எகிறும். இன்ஜின் கொஞ்ச நாள் பிரமாதமாக இழுக்கும். ஓட்டுகிறவருக்குச் சந்தோஷமாக இருக்கும். உள்ளே பிஸ்டன் உருகிக்கொண்டிருக்கும்.

பெட்ரோலைச் சரி செய்தால் அடுத்தது ஹெட் கேஸ்கட். அதைச் சரி செய்தால் கனெக்டிங் ராடு. அப்புறம் ரேடியேட்டர், கிளட்ச், கியர்பாக்ஸ். எல்லாவற்றையும் மாற்றிவிட்டால் பிரேக். 85 குதிரையை நிறுத்துவதற்குச் செய்த பிரேக் அது. இதையெல்லாம் முதலில் மாற்றிவிட்டுக் கடைசியாகப் பம்ப்பை வைப்பவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் வண்டி ஓடத்தான் செய்கிறது என்றும் சொன்னான். “மேல இருந்து ஆரம்பிக்கக் கூடாதுங்க தம்பி. கீழ இருந்து ஆரம்பிக்கோணும்” என்றான்.

சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52. கம்பெனி கொடுத்த விவரத்துக்கும் ஆர்.சி.யில் உள்ளதற்கும் மாறாக வண்டியை இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. சொல்லாமல் மாற்றிவிட்டு விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் பணத்துக்கும் வம்பு வரும்.

வீட்டுக்கு வரும் வழியில் பேரன் பேசவில்லை. இரவு எனக்கு ஒரு வீடியோ அனுப்பினான். இங்கிலாந்தின் ‘ப்ளோவர் பென்ட்லி’ கார். முன்னால் ரேடியேட்டருக்குக் கீழே பெரிய சூப்பர்சார்ஜர் துருத்திக்கொண்டு நிற்கும். ‘இதுவும் சூப்பர்சார்ஜருக்காகச் செய்த இன்ஜின் இல்லை அம்மாயி’ என்று கீழே எழுதியிருந்தான்.

நான் விடுவேனா? இரண்டு நாள் உட்கார்ந்து படித்தேன். அவன் சொன்னது உண்மை. 1920-களின் கடைசியில் டிம் பிர்கின் என்ற பந்தய வீரருக்கு பென்ட்லியின் நாலரை லிட்டர் கார் போதவில்லை. ஆம்ஹர்ஸ்ட் வில்லியர்ஸ் என்ற பொறியாளர் சூப்பர்சார்ஜர் வடிவமைத்தார். டோரதி பேஜட் என்ற பணக்காரப் பெண்மணி பணம் போட்டார். 110 குதிரைத்திறன் 175 ஆனது. ஆனால் இன்ஜினை உருவாக்கிய டபிள்யூ.ஓ. பென்ட்லிக்கு இதில் சம்மதமே இல்லை. வேகம் வேண்டுமென்றால் இன்ஜினைப் பெரிதாகச் செய், இருக்கிற இன்ஜினுக்குள் காற்றைத் திணிக்காதே என்பது அவர் கட்சி. 1930 லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தில் இரண்டு கட்சியும் ஓடின. ப்ளோவர் கார்கள் பந்தயத்தை முடிக்கவில்லை. பென்ட்லியின் ஆறரை லிட்டர் ஸ்பீட் சிக்ஸ் கார்கள் முதல் இரண்டு இடங்களைப் பிடித்தன.

நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அதே வருடம் பிரெஞ்சு கிராண்ட் பிரீ பந்தயத்தில் பிர்கின் இரண்டாவதாக வந்தார். 1932-ல் புரூக்லண்ட்ஸ் பந்தயப் பாதையில் ப்ளோவர் பென்ட்லியில் மணிக்கு 137.96 மைல் வேகம் எடுத்துச் சாதனை செய்தார். அதாவது 222 கிலோமீட்டர். ஒரு சுற்று ஓட அந்தக் கார் பிரமாதம். 24 மணி நேரம் ஓடத்தான் முடியவில்லை.

இதைப் பேரனிடம் சொன்னேன். “நாம அப்புச்சி வண்டியை ஒரு சுற்று ஓட்டவா வெச்சிருக்கோம் கண்ணு?” என்று கேட்டேன். பதில் சொல்லவில்லை. ஆனால் மறுநாள் அவனாகவே ஒர்க்‌ஷாப்புக்குப் போகலாம் என்றான்.

இரண்டாவது முறை போனபோது கம்ப்ரஷன் டெஸ்ட் செய்தார்கள். பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டையில் மீட்டரை வைத்து, ஒவ்வொரு சிலிண்டரும் எவ்வளவு அழுத்தம் கொடுக்கிறது என்று பார்ப்பது. மூன்று சிலிண்டர்கள் 170 பவுண்டுக்குப் பக்கத்தில் காட்டின. மூன்றாவது சிலிண்டர் மட்டும் 130. வால்வு சரியாக மூடவில்லை. இருக்கிற காற்றையே பிடித்து வைக்க முடியாத இன்ஜினுக்குள் இன்னும் காற்றைத் தள்ளப் பார்த்திருக்கிறோம்.

இப்போது நான் எழுத வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

பேரன் டெஸ்ட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் நாற்காலியில் உட்கார்ந்து அந்த ஓட்டை விழுந்த பிஸ்டனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். காற்று ஜாஸ்தி, பெட்ரோல் தக்கன போகவில்லை என்று அவன் சொன்னது முதல் நாளிலிருந்தே மனதில் உறுத்திக்கொண்டிருந்தது.

1994. இவன் எட்டாம் வகுப்பு. கணக்கில் கெட்டிக்காரன். உதவித்தொகைத் தேர்வுக்கு ஆறு பேரைப் பொறுக்கி எடுத்தேன். அதில் இவனும் ஒருவன். காலை எட்டு மணிக்குச் சிறப்பு வகுப்பு. மாலையில் மறுபடியும் ஒரு மணி நேரம். மற்றவர்களுக்கு இருபது கணக்கு கொடுத்தால் இவனுக்கு முப்பது. முடியும் என்று நம்பினேன். முதல் மாதம் பிரமாதமாகச் செய்தான். அப்புறம் தூங்கி விழ ஆரம்பித்தான். ‘சோம்பேறி’ என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். நிற்க வைத்தேன். ஒருநாள் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் மயங்கி விழுந்தான். தண்ணீர் தெளித்து எழுப்பி வீட்டுக்கு அனுப்பினோம். அதற்குப் பிறகு சிறப்பு வகுப்புக்கு வரவில்லை. தேர்வும் எழுதவில்லை. எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்துவிட்டான். ‘நல்லா வந்திருக்க வேண்டியவன், கெடுத்துக்கிட்டான்’ என்று எத்தனையோ பேரிடம் நான் சொல்லியிருக்கிறேன்.

முப்பது வருடம் கழித்து அன்றுதான் கேட்டேன். “அன்னிக்கு நீ ஏன் மயங்கி விழுந்தே?”

சிரித்தான். “பசிங்க டீச்சர். வேற என்ன? அஞ்சு மணிக்குப் பால் ஊத்தப் போவேன். முடிச்சிட்டு வீட்டுக்குப் போயி சாப்பிட்டா ஸ்பெஷல் கிளாசுக்கு லேட் ஆயிரும். நேரா வந்துருவேன். மத்தியானம்தான் சத்துணவு இருக்குதே.”

“எங்கிட்ட ஏன்டா சொல்லல?”

“நீங்க கேக்கலீங்களே டீச்சர்.”

குற்றம் சொல்லும் குரலில் சொல்லவில்லை. சாதாரணமாகச் சொன்னான். சொல்லிவிட்டு மறுபடியும் குனிந்து வேலையைப் பார்த்தான்.

எனக்குப் பேச்சு வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, “தப்புப் பண்ணிட்டேன்டா, மன்னிச்சுக்க” என்றேன். பதறிவிட்டான். “ஐயோ, என்னங்க டீச்சர் இது? நீங்க நல்லதுக்குத்தானே செஞ்சீங்க” என்றான். நல்லதுக்குத்தான் செய்தேன். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் காலையில் ஒரு இட்லியாவது சாப்பிட்டாயா என்று ஒருநாள்கூடக் கேட்காமல் பத்துக் கணக்கு கூடப் போடச் சொன்னேன். உள்ளே என்ன போகிறது என்று பார்க்காமல் மேலே மேலே திணித்தேன். அவன் தூங்கி விழுந்தது எனக்குக் கேட்டிருக்க வேண்டிய ‘டிங் டிங்’ சத்தம். அதைச் சோம்பல் என்று எழுதிவிட்டேன்.

அவன் படிக்காமல் போனதற்கு அது ஒன்றுதான் காரணம் என்று சொல்ல மாட்டேன். வீட்டுக் கஷ்டம் இருந்தது. நன்றாகப் படித்தவன் மட்டும்தான் நன்றாக இருக்கிறான் என்றும் இல்லை. இன்று நான்கு பேருக்குச் சம்பளம் கொடுக்கிறான். ஆனால் என் பங்கு எனக்குத் தெரிய வேண்டுமே. முப்பது வருடம் தெரியாமலே இருந்துவிட்டேன்.

கார் கதையை முடித்துவிடுகிறேன். இன்ஜின் ஹெட்டைக் கழற்றி வால்வு வேலை பார்த்து, புது கேஸ்கட் போட்டு, ரேடியேட்டர் சுத்தம் செய்து, நான்கு பிரேக்கும் பார்த்தாகிவிட்டது. முப்பத்தெட்டாயிரம் ஆனது. அதை நான் கொடுத்தேன். பேரன் ஆறு ஞாயிற்றுக்கிழமை அங்கேயே கிடந்து கூட வேலை செய்தான். இப்போது நான்கு சிலிண்டரும் ஒரே அளவு காட்டுகிறது. சார் வாங்கிய புதிதில் இழுத்தது போல இழுக்கிறது என்று எனக்கே தெரிகிறது.

பேரன் ஆசையை விட்டுவிட்டான் என்று நினைக்காதீர்கள். தனியாக ஒரு பழைய இன்ஜின் வாங்கி, நல்ல பிஸ்டனும் ராடும் போட்டு, விகிதத்தைக் குறைத்து, பெட்ரோலுக்குத் தனிக் கம்ப்யூட்டர் வைத்து, செட்டிபாளையம் ரேஸ் டிராக்கில் மட்டும் ஓட்டப்போகிறானாம். செய்யட்டும். கீழே இருந்து ஆரம்பித்தால் பிஸ்டன் செலவு என்னுடையது என்று சொல்லியிருக்கிறேன். அப்புச்சி வண்டி அப்படியே இருக்கும்.

என் மாணவர்களில் இருபது பேருக்கு மேல் இன்று ஆசிரியர்கள். 2022-லிருந்து முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் இருக்கிறது, சின்னப் பிள்ளைகள் பள்ளியிலேயே சாப்பிடுகிறார்கள். ஆனால் பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்குச் சிறப்பு வகுப்பு எடுப்பவர்கள், கணக்கு நோட்டைத் திறக்கச் சொல்வதற்கு முன்னால், சாப்பிட்டாயா, எத்தனை மணிக்கு எழுந்தாய் என்று கேளுங்கள். பெற்றோர்களாக இருப்பவர்களும், பிள்ளையை இன்னொரு டியூஷனில் சேர்ப்பதற்கு முன்னால் கேளுங்கள். ஒரு நிமிடம்தான் ஆகும்.

ஒர்க்‌ஷாப்பில் வண்டி எடுக்கப் போன அன்றும் அவன் கேட்ட முதல் வார்த்தை அதுதான். “சாப்ட்டீங்களா டீச்சர்?”

அன்புடன்,
உங்கள் டீச்சர்